சொல்லிக்கொள்ளாமல் போன வேம்பு

வேம்புவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாடகமும் வேண்டாம், கீடகமும் வேண்டாம் என்று இருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குருசுக்குப்பம் போய் மீன் வாங்கி, குழம்பு வைத்து, சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். அதற்குமேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. அப்படிப்பட்டவளை இழுத்துக்கொண்டு போய் நூற்றிருபது பேர் முன்னால் மேடையில் உட்கார வைத்தவள் அவள். அவளை நான் திட்டாத நாள் இல்லை. திட்டிக்கொண்டேதான் எல்லாவற்றையும் செய்தேன்.

என் பெயர் சின்னப்பாப்பா. வயது நாற்பத்தாறு. பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். நானும் வேம்புவும் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறோம். மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி. எங்கள் வேலை செக்கிங். பெல்ட்டில் மூடி வந்துகொண்டே இருக்கும். விரிசலும் பிசிறும் உள்ளதைப் பொறுக்கி எடுத்துப் போட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். வாய் பேசலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தலையைத் திருப்பினால் மட்டும் போச்சு. நாலு கெட்ட மூடி தாண்டிப் போய்விடும், லைன் லீடர் வந்து முதுகுப் பக்கம் நிற்பார். அதனால் ஆறு வருஷமாக நாங்கள் பெல்ட்டைப் பார்த்தபடியேதான் பேசிக்கொண்டோம். அவள் பெண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது, என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தது, எல்லாமே பெல்ட்டைப் பார்த்துச் சொன்னதுதான்.

பஸ்ஸிலும் அப்படியே. காலை ஆறு இருபதுக்கு உப்பளத்திலிருந்து கம்பெனி பஸ் கிளம்பும். இரண்டு பேரும் அங்கேதான் ஏறுவோம். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு. ஜன்னல் ஓரம் அவளுக்கு. ஒரு நாளாவது எனக்கு விட்டுக்கொடுத்தாளா என்றால் இல்லை. கேட்டும் பார்த்திருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். கோரிமேட்டுப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பாள். பஸ் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேசுவாள். என்னடி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

போன வருஷம் ஆடி மாதம் உப்பளத்தில் நாங்கள் பஸ் ஏறும் இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டவுனில் ஒரு சின்ன நாடக அரங்கம், ‘இருவர் நாடக வாரம்’ நடத்தப்போகிறதாம். மேடையில் இரண்டே பேர்தான் இருக்க வேண்டும். மனுஷருக்கும் மனுஷருக்கும் உள்ள ஒட்டுறவைப் பற்றிய கதையாக இருக்க வேண்டும். புது நாடகமாக இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் போடலாம். மறுநாள் ஏறி உட்கார்ந்ததும் வேம்பு, நாம் இரண்டு பேரும் அதில் நடிக்கிறோம் என்றாள். நடிக்கலாமா என்று கேட்கவில்லை. தாசில்தார் உத்தரவு மாதிரி சொன்னாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளாவது பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஒரு தடவை மரமாக நின்றிருக்கிறாள், பேருக்கு ஏற்றபடி. நான் அதுகூடக் கிடையாது. பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டாவது முடித்து, இருபது வயதில் உப்பளத்துக்கு வாழ வந்தவள் அவள். வீட்டுக்காரர் அன்பழகன் லோடு வண்டி ஓட்டுகிறார். இவளுக்கு நாடக ஆசை எங்கிருந்து வந்தது? அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னாள், முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு.

பதினோரு வருஷம் முன்னால் அவள் அம்மாவை அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கிட்னி போய்விட்டது. பத்தொன்பது நாள், கூட இருக்க வேம்பு ஒருத்திதான். பக்கத்துப் படுக்கையில் ஒருவர் கிடந்தார். அவர் மனைவி இவளைவிடப் பத்து வயது மூத்தவள். வராண்டாவில் ஒரே பாயில் இரண்டு பேரும் மாறி மாறிப் படுத்தார்கள். ஒரே பிளாஸ்கில் காபி வாங்கினார்கள். வேம்பு குளிக்கப் போனால் அந்த அம்மா இவள் அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாள், கஞ்சி ஊட்டுவாள். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் வேம்புவின் அம்மாவுக்கு உயிர் போய்விட்டது. வேம்பு கை கால் ஓடாமல் நின்றுவிட்டாள். அந்த அம்மாதான் தன் முந்தானையைக் கிழித்து, வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றி நாடிக்கட்டுக் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தது. சாவு விழுந்த இடத்தில் ‘வரேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது, நம் வழக்கம் அது. வேம்புவும் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து போய்ப் பார்த்தால் அந்தப் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். தேடலாம் என்றால் பெயர் தெரியாது. பத்தொன்பது நாளும் ‘அக்கா’ என்றே கூப்பிட்டிருக்கிறாள்.

“இத்த மேடையில போட்டா எங்கனா இருந்து அவங்க காதுல விழும்க்கா” என்றாள்.

ஆறு வருஷமாக ஜன்னல் ஓரம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சரி என்று சொல்லித் தொலைத்தேன். வேம்புவாக வேம்பு, அந்த அக்காவாக நான்.

மகளுடைய பழைய நோட்டின் பின்பக்கத்தில் மூன்று வாரம் எழுதினாள். பேர், ‘பத்தொன்பது நாள்’. ஒத்திகை பார்க்க இடம்தான் இல்லை. அவள் வீடு ஒற்றை அறை, மகள் படிக்க வேண்டும். என் வீட்டில் என்றால் என் வீட்டுக்காரர் ராஜா எதிரே உட்கார்ந்துகொண்டு, நீ அழுதால் சிரிப்பு வருகிறது என்பார். ஆகவே பஸ்தான் கதி. போகும்போது முக்கால் மணி, வரும்போது முக்கால் மணி. நடுவில் பெல்ட்டில் நிற்கும்போது முணுமுணுப்பு. பஸ்ஸில் இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். முதலில் சிரித்த பொம்பளைகள் போகப் போக அவரவர் ஆஸ்பத்திரிக் கதையை நினைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்கள். இரண்டு மாதத்தில் பஸ்ஸில் இருந்த முப்பது பேருக்கும் வசனம் மனப்பாடம். எங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அரங்கத்தில் நடித்துக் காட்ட வரச் சொன்னார்கள். அதை நடத்துகிறவர் பெயர் க்சாவியே. தமிழர்தான், பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கிய குடும்பம். பிள்ளைகள் எல்லோரும் பிரான்ஸில், இவர் மட்டும் இந்த மேடையைக் கட்டிக்கொண்டு அழுகிறார். எல்லோரும் அவரை முசே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா மாதிரி. அவர் எல்லாப் பெண்களையும் மாதாம் என்பார், என்னைக்கூட. மேடையில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு வைத்திருந்தார். பழக்கதோஷம், நாங்கள் போன உடனே இரண்டையும் இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டோம். வேம்பு இடது பக்கம், நான் வலது பக்கம். நேரே பார்த்துக்கொண்டு, இல்லாத இஞ்சினுக்கு மேலே கேட்கிற மாதிரி கத்தினோம்.

கால் மணி நேரத்தில் முசே கையை உயர்த்திவிட்டார். “மாதாம், ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்று கேட்டார். இல்லையே என்றோம். ஒட்டுறவைப் பற்றி நாடகம் போடுகிற இரண்டு பேர் ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா, இரண்டு ரேடியோவைப் பக்கத்தில் வைத்தது போல் இருக்கிறதே என்றார். நாற்காலிகளை எதிரே திருப்பிவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார். நான் வேம்பு முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், ஒரு வரி வாயில் வரவில்லை. அவள் முகத்தில் இவ்வளவு பெரிய மூக்குத்தி இருக்கிறது என்றே எனக்கு அன்றுதான் தெரியும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சாகிற இடத்தில் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள்.

ஒரு வாரம் டைம் கொடுத்தார் முசே. முகம் பார்த்து நடித்தால் நடிக்கலாம், இல்லையென்றால் விழுப்புரத்திலிருந்து ஒரு குழு காத்திருக்கிறது, தேதி அவர்களுக்குப் போய்விடும் என்றார். இன்னொன்றும் சொன்னார். கடைசியில் மகள் அப்படியே எழுந்து போவது மொட்டையாக இருக்கிறது, அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழலாம், பெயராவது கேட்கலாம் என்றார். வேம்புவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“சாவுல சொல்லிக்கினு போவ மாட்டாங்க முசே. நான் சொல்லிக்காமத்தான் வந்தேன். நாடகத்துலயும் அப்பிடித்தான் போவா” என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். முதலில் முகம் பார்க்கவே தெரியவில்லை, இதில் முடிவைப் பற்றி என்ன வீம்பு என்று எனக்கு எரிச்சல். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறது நம் பிழைப்பு, ஊர் சிரிக்கும் முன் விட்டுவிடலாம் என்றேன். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து பழகுவோம் என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். பிடித்தால் உடும்புப் பிடி.

மூன்று நாள் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தோம். முகத்தைப் பார்த்தால் வசனம் போகிறது, வசனத்தைப் பிடித்தால் கண் சுவருக்குப் போகிறது. மூன்றாம் நாள், நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்பது போல் அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உன் ஆத்தா செத்ததற்கு என்னை ஏன் சாகடிக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் பஸ்ஸில் நான் மூன்றாவது சீட்டுக்குப் போகவில்லை. கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. வேம்பு திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் காலி சீட்டை வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து நாடகத்தை ஆரம்பித்தாள். தன் வரியைச் சொல்வாள், என் வரிக்கு இடம் விடுவாள், அடுத்ததைச் சொல்வாள். பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோரிமேடு நெருங்கும்போது அவளுக்குப் பின் சீட்டிலிருந்த சந்திரகலா, மோல்டிங் செக்ஷன்காரி, மனசு பொறுக்காமல் என் வசனத்தை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அதையும் தப்பாகச் சொன்னாள். கஞ்சி ஊட்டுகிற இடத்தில் இட்லி ஊட்டினாள்.

என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தினது நான், நடுவில் இவள் யார் இட்லி ஊட்ட? கடைசி சீட்டிலிருந்தே என் வசனத்தைச் சொன்னேன். முதல் வரி கோபத்தில் வந்தது. அடுத்தது தானாக வந்தது. வேம்பு திரும்பாமல் பதில் சொன்னாள். அவள் பின்னந்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, கொண்டையும் அதில் செருகிய ஹேர்பின்னும். அதைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா சொல்வதை எல்லாம் சொன்னேன், நேற்று நான் வாய்விட்டதற்கு மன்னிப்புக் கேட்பதும் அதிலேயே சேர்ந்துகொண்டது. அன்று போல் அதற்கு முன் ஒரு நாளும் வரவில்லை. டிரைவர் ராமலிங்கம் அண்ணன் ஹாரன்கூட அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும் வேம்பு எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஆடிக்கொண்டே கடைசி சீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

“அக்கா, வராண்டாவுல யாரு மூஞ்ச யாரு பாத்தோம்? பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துக்கினு எல்லாரும் வார்டு கதவத்தான் பாத்தோம். எப்ப தொறக்கும், எந்த நர்சம்மா பேரச் சொல்லிக் கூப்பிடும்னு. அதான் நெசம்” என்றாள்.

நாங்கள் பஸ்ஸில் பழகியது தப்பே இல்லையாம், நாற்காலிதான் தப்பாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அப்படித்தான் பட்டது. என் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வாசலில் ஒரு பழைய மர பெஞ்சு கிடந்தது. அன்று மாலையே அன்பழகன் லோடு வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு போனார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லாம் ஒரு வாரம் நின்றுகொண்டே இருந்தார்கள் என்று ராஜா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

இரண்டாம் தடவை மேடையில் பெஞ்சை ஜனங்கள் உட்காரும் பக்கம் பார்த்துப் போட்டோம். நாற்காலியைத் திருப்புங்கள் என்று சொல்ல முசேவுக்கு நாற்காலியே இல்லை. மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே எங்கேயோ ஒரு கதவு இருப்பது போல் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தோம். இஞ்சின் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினோம். நாற்பது நிமிஷம், அவர் கை மேலே போகவே இல்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீங்கள் இரண்டு பேரும் என்னையே பார்க்கப் பார்க்க, நான்தான் கதவைத் திறக்க வேண்டும் போல இருந்தது மாதாம் என்றார். தேதி எங்களுக்குத்தான் என்றும் சொன்னார். ஆனால் முடிவைப் பற்றி இன்னொரு தடவை வாயெடுத்தார். சொல்லிக்கொள்ள மாட்டாள் முசே என்று வேம்பு அதே இடத்தில் நின்றாள். சரி, அவள் எழுந்து நடந்து இருட்டுக்குள் போனதும் விளக்கை அணைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். விளக்குப் போடுவதும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். கம்பெனி பொம்பளைகள் பூ வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருவது போல வந்திருந்தார்கள். ராமலிங்கம் அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்து முன்னால் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னாலிருந்து வேம்பு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும், எந்த ஊரோ, இருக்கிறாளோ இல்லையோ. கடைசி வரிசை வரை பார்த்துவிட்டுத் திரையை விட்டாள். வரவில்லை என்றாள். வராவிட்டால் என்ன, கேட்கிறவர்கள் போய்ச் சொல்வார்கள், ஏறு மேடையில் என்று அதட்டினேன்.

நாடகம் நன்றாகத்தான் போனது. என்னை நானே மெச்சிக்கொள்ளக்கூடாது, ஆனாலும் பாயில் யார் படுப்பது என்று சண்டை போடுகிற இடத்தில் சிரிப்பு, தலை வாருகிற இடத்தில் சத்தமே இல்லை. இல்லாத அந்த வார்டு கதவு திறக்கிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வேம்பு எழுந்து போய்த் திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல் நிற்கிறாள். நான் முந்தானையைக் கிழிக்க வேண்டும். சந்திரகலா கொடுத்த பழைய புடவை, ஒத்திகைக்கு ஒத்திகை கிழித்து மீதி இவ்வளவுதான் இருந்தது. அந்தக் கிழிசல் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. பிறகு நான் பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்க்க வேண்டும். வேம்பு பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்து போக வேண்டும். விளக்கு அணைய வேண்டும்.

வேம்பு பையை எடுத்தாள். நடந்தாள். நாலாவது அடியில் நின்றுவிட்டாள்.

கால் வலியா, மயக்கமா, அடிப்பாவி, போடி என்று மனசுக்குள் கத்தினேன். விளக்கு அணையவில்லை. அவள் திரும்பினாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் நானும் கதவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அவள் கண் இரண்டும் குளமாக இருந்தது.

“உங்க பேரு இன்னாக்கா?” என்றாள்.

நோட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. அந்த அம்மாவுக்கு நோட்டில் பெயரும் கிடையாது, அக்கா என்றுதான் எழுதியிருந்தாள். நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு பெயர்தான் தெரியும்.

“சின்னப்பாப்பா” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. “பத்தொம்போது நாளா இத்த கேக்கணும்னு தோணலயாடி ஒனக்கு?”

“தோணலக்கா. தப்புதான்” என்றாள். பையைத் தோளில் மாட்டினாள். ஒரு தடவை மூச்சு வாங்கினாள். “நான் வரேன்க்கா.”

அரங்கத்தில் யாரோ பெரியம்மா ‘ஐயோ’ என்றது எனக்குக் கேட்டது. செத்த இடத்தில் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டாள் என்ற பதற்றம். நானும் சொல்லிவிட்டேன்.

“போய்ட்டு வா.”

அவள் நடந்து போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி அவள் போவதையே பார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை. விளக்கு ரொம்ப நேரம் எரிந்துகொண்டிருந்தது. முசே சுவிட்சில் வைத்த கையை அப்படியே வைத்திருந்திருக்கிறார், பிறகு அவரே சொன்னார். கைதட்டு எவ்வளவு நேரம் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு நினைவில்லை. திரைக்குப் பின்னால் வந்து, இத்தனை நாள் மாட்டேன் மாட்டேன் என்றீர்களே மாதாம் என்று கேட்டார் முசே. வேம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, நேற்று வரை மாட்டேன்தான் முசே என்றாள். எனக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன் என்று நான் அவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை, ஆறு இருபது பஸ். ஏறிய உடனே ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், அதில் ஒரு மாற்றமும் இல்லை. பின் சீட்டில் சந்திரகலா நேற்று நடந்ததை வராதவர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கோரிமேடு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் கொஞ்சம் மெதுவாகப் போகும். நான் வேம்புவைத் திரும்பிப் பார்த்தேன். என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பவில்லை.